எந்தத் தலைப்பில் எழுத

குருநகர் ஐஸ் கொம்பனியில்
பதினொரு வருசமாய்ப் பேரேடு எழுதுகிறேன்.
மீன் பெட்டிக்கு ஐஸ், கல்யாண வீட்டுக்கு ஐஸ்,
செத்த வீட்டுக்கு ஐஸ்.
எல்லாவற்றுக்கும் ஒரு தலைப்பு இருந்தது,
துவாரகி வரும்வரை.

நாடகக் குழுவின் செயலாளர். கையில் நாலு பக்கக் கடிதம்.
'பரஸ்பர நன்மை' என்று மூன்று இடத்தில் இருந்தது,
ஒரு இடத்தில் பிழையாய்.
அல்போன்ஸ் முதலாளி வாசிக்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"எவ்வளவு காசு?"

"காசு வேண்டாம்.
ஆறு நாள், நாளுக்கு ஒரு கட்டி.
உள்ளுக்கை ஒரு சேட்டு இருக்க வேணும்.
தெளிவாய்த் தெரிய வேணும்."

முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை பேரம்.
எங்கள் பெயர்ப்பலகை மேடையில் ஆறடிக்கு நிற்க வேண்டும் என்றார்.
மேடையில் ஐஸைத் தவிர ஒன்றும் நிற்காது என்றாள்.
நாலடி?
இல்லை.
வாசலில்?
வாசலில் சரி.
கடைசிக் காட்சியில் ஆராவது எங்கடை ரெலிபோன் நம்பரைச் சொன்னால்?
அவள் சிரித்தாள்.
அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஆள் யூட்,
அச்சுத் தொட்டியடியில் நிற்பவர்.
முதல் கட்டி பால் மாதிரி வந்தது;
உள்ளே இருப்பது சேட்டா சாக்கா தெரியவில்லை.
"மீனுக்கு வடிவு தேவையில்லை,
அதாலை நாங்கள் இப்பிடித்தான் உறைய விடுறது."
பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.
காற்றுக் குழாயை அச்சுக்குள் இறக்கி
விடியுமட்டும் குமிழி விட்டார்.
சேட்டு மிதக்காமல் இருக்கப்
பொத்தான் ஓட்டைகளில் தங்கூசி கட்டினார்.
"மேடையிலை எத்தினை லைற்?" என்று
துவாரகிக்கு இரவு பத்து மணிக்கு அழைப்பு.
ஒன்பது என்றால்,
கொலர் மேலிருந்து இரண்டு விரல் கீழே இருக்க வேண்டுமாம்,
அப்போதுதான் கடைசி வசனத்துக்கு வெளியே வரும்.
மேலதிக நேரம் பதினாலு மணித்தியாலம்.
அதையும் நான்தான் எழுத வேண்டும்.

மூன்று நாள் நன்றாய்ப் போனது.
நாலாம் நாள் விடியக் கடல் அள்ளிக் கொடுத்துவிட்டது.
சூடை, கும்பளா,
படகுக்குப் படகு பெட்டி போதவில்லை.
பத்து மணிக்கு ஐஸ் முடிந்தது.
ஒரு கட்டிதான் மிச்சம்.

முதலாளி உடைக்கச் சொன்னார்.
யூட் கோடரியைக் கீழே வைத்தார்.
வேறொரு பெடியன் உடைத்தான்.
சேட்டு விறைத்த கையோடு
தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது;
ஈ மொய்க்க முன்னம் நான் எடுத்துக் கொடியில் போட்டேன்.

அன்றிரவு வெறும் தகரத் தட்டைச் சுற்றி நடித்தார்களாம்.
நன்றாயிருந்தது என்றார்கள் சிலர்.
துவாரகிக்கு அது காதில் ஏறவில்லை.
அடுத்த நாள் காலை என் மேசைக்குப் பில் ஒன்று அனுப்பினாள்:
வராத ஐஸ் கட்டி, ஒன்று.
திருப்பிக் கொடுத்த ரிக்கற், இருபத்திமூன்று.
ஒப்பந்தம், பந்தி ஐந்து.

முதலாளி இரண்டு தரம் வாசித்தார்.
இந்த முறை கண்ணாடி மூக்கில் இருந்தது.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
"வியாபாரம் தெரிஞ்ச பிள்ளையள்," என்றார்.
"வாற வருசத்துக்கு எத்தினை கட்டி எண்டு கேள்.
பந்தி ஐந்தை நான் வடிவாய் வாசிக்க வேணும்."

கடைசி நாள் நானும் போனேன், யூட்டும் வந்தார்.
இரண்டாவது வரிசை.
அவர் நாடகம் பார்க்கவில்லை, கட்டியைப் பார்த்தார்.
வசனத்துக்கு அரை நிமிடம் முந்தி கொலர் வெளியே வந்துவிட்டது.
"ஒரு லைற் கூடப் போட்டிருக்கினம்,"
என் காதுக்குள் சொன்னார்,
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

இப்போது மார்ச் முப்பத்தொன்று.
நன்கொடை என்று எழுதினேன், வெட்டினேன்.
விளம்பரம் என்று எழுதினேன்;
வாசல் பலகையை எத்தனை பேர் பார்த்தார்களோ.
கழிவு என்று எழுதக் கை வரவில்லை.
பில்லை மட்டும் சரியாக வைத்திருக்கிறேன்:
கடன்கொடுத்தோர் பக்கத்தில்,
மின்சார சபைக்குக் கீழே,
உப்பு வியாபாரிக்கு மேலே.
மற்றது பென்சிலில் கிடக்கிறது.
கணக்காய்வாளர் வியாழக்கிழமை வருகிறார்.